ராத்தாவின் கெமராவும் மாமாவின் குரவையும்

ஸம்ஸியாவுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சுடும். வாய்க்கு அது பிறகுதான் வந்து சேரும். அன்று கல்முனை பஸாருக்குப் போகிற ஓட்டோவில் ஏறும்போதே அவளுடைய இரண்டு காதுகளும் முக்காட்டுக்குள் சுட்டுக்கொண்டிருந்தன.

காரணம், ஓட்டோவின் நடுவில் உட்கார்ந்திருந்த மீராமுகைதீன் மாமா. அவர் ஒரு பக்கம் அசைந்தால் ஸம்ஸியா கம்பியோடு ஒட்டிக்கொள்வாள். மறுபக்கம் அசைந்தால் அவளுடைய ராத்தா, மூத்தவள் றம்ஸியா ஒட்டிக்கொள்வாள். மாமாவோ ஒன்றையும் கவனிக்காமல் சவளக்கடை ஊரில் யாரோ விற்கப்போகிற நெல்லைப் பற்றித் தொலைபேசியில் கதைத்துக்கொண்டே வந்தார்.

"காசு ராத்தாட. கெமரா ராத்தாவுக்கு. அதப் பத்தித் தெரிஞ்சதும் ராத்தாவுக்குத்தான்" என்று ஸம்ஸியா மாமாவின் முதுகுக்குப் பின்னால் எட்டி முணுமுணுத்தாள். "பொறகு மாமா என்னத்துக்கு?"

"வாய மூடு புள்ள" என்றாள் றம்ஸியா. ஆனால் அவளுக்கும் அதே கேள்விதான் இருந்தது என்று ஸம்ஸியாவுக்குத் தெரியும்.

மாமாவைக் கூட்டிப்போகச் சொன்னது உம்மா. வாப்பா கட்டாரில் வேலை செய்கிறார். பெண்பிள்ளைகள் இரண்டு பேர் தனியாகப் போய் அவ்வளவு பெரிய சாமானுக்கு விலை கேட்டால் கடைக்காரர் மதிக்கமாட்டார் என்பது உம்மாவின் கணக்கு. மதிக்காவிட்டால் பிழை கடைக்காரருடையதுதானே, அதற்கு நாங்கள் ஏன் மாமாவைச் சுமக்க வேண்டும் என்று ஸம்ஸியா கேட்டாள். உம்மா அவளுக்கு முக்காட்டை இறுக்கிக் கட்டிவிட்டா.

கெமரா கதை ஆறு வருடத்துக்கு முன்பு, கடல் ஊருக்குள் வந்த நாளில் தொடங்கியது. அன்று வீட்டோடு சேர்ந்து உம்மாவின் கலியாண அல்பமும் போய்விட்டது. ஸம்ஸியாவுக்கு அப்போது ஐந்து வயது. வீட்டுத் திட்டத்தில் புது வீடு கிடைத்த பிறகு ஒருநாள் அவள் அந்த அல்பத்தில் உம்மா எப்படி இருந்தா என்று கேட்டாள்.

"அதுல நான் ஒரே ஒரு படத்திலதான் இருந்தன். அதுவும் முதுகு" என்று உம்மா சிரித்தா.

படம் பிடிக்க வந்தவர் ஆண். பெண்கள் இருக்கும் அறைக்குள் அவர் வர முடியாது. அதனால் மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் தோழர்கள், சாப்பாட்டுச் சஹன் தட்டு, வாசலில் கட்டிய வாழைமரம் என்று எல்லாவற்றையும் பிடித்துவிட்டுப் போயிருக்கிறார். மணமகளின் முகத்துக்கு மட்டும் படம் இல்லை. இது என்ன நியாயம் என்று ஸம்ஸியா அன்று பகல் முழுவதும் சோறு தின்னவில்லை.

கடல் வந்த பிறகு ஊருக்கு வந்த ஒரு தொண்டு நிறுவனம் பெண்பிள்ளைகளுக்குப் படம் பிடிக்கப் பழக்கியது. றம்ஸியா அதில் படித்தாள். பிறகு ஒரு சின்னக் கெமராவை வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்துக் கலியாணங்களில் பெண்கள் பக்கம் படம் பிடிக்கத் தொடங்கினாள். ஆனால் அந்தச் சின்னக் கெமராவுக்கு அவசரம் என்றால் என்னவென்றே தெரியாது. பொத்தானை அமத்தினால் அது கொஞ்சம் யோசிக்கும். யோசித்து முடித்துத்தான் படம் பிடிக்கும்.

கலியாணத்தில் ஒரு நேரம் இருக்கிறது. மாப்பிள்ளை வாசலில் கால் வைத்ததும் பெண்கள் எல்லாரும் நாக்கைச் சுழற்றிக் குரவை போடுவார்கள். அந்தச் சத்தம் கேட்டதும், அதுவரை குனிந்திருந்த மணமகள் தலையை நிமிர்த்தி ஒருதரம் பார்ப்பாள். ஒரே ஒருதரம். அந்த முகத்தைத்தான் எல்லாரும் கேட்பார்கள். போன மாதக் கலியாணத்தில் றம்ஸியாவின் சின்னக் கெமரா யோசித்து முடிப்பதற்குள் மணமகள் மறுபடியும் குனிந்துவிட்டாள். படத்தில் இருந்தது ஒரு தலைப்பூவும் நாலைந்து மங்கிய நிழல்களும்தான். அந்த மணமகள் படத்தைப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள். அதுதான் றம்ஸியாவை அழவைத்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை இன்னொரு கலியாணம். இந்த முறையும் தவறினால் இனி ஒருவரும் கூப்பிடமாட்டார்கள். மூன்று வருடமாக டியூசன் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த காசு முழுவதும் இன்றைக்கு றம்ஸியாவின் கைப்பையில் இருந்தது. பிழையான கெமராவை வாங்கிவிட்டால் இன்னொரு மூன்று வருடம் காத்திருக்க வேண்டும்.

அதனால் சகோதரிகள் இரண்டு பேரும் நெட் கபேயில் உட்கார்ந்து, முதல்முதலாகப் பெரிய கெமரா வாங்குகிறவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று தேடி, ஐந்து கேள்விகளைக் கொப்பித் தாளில் எழுதியிருந்தார்கள். கையெழுத்து ஸம்ஸியாவுடையது. தாளும் அவளிடம்தான் இருந்தது.

கடை முதலாளி அச்சிமுகம்மது, மாமாவைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டார்.

"வாங்க போடியார், வாங்க. என்ன பாக்கப் போறீங்க?"

மாமா போடியார் அல்ல. அவருக்கு ஒரு துண்டு வயல்கூடக் கிடையாது. மற்றவர்களின் நெல்லை வாங்கி ஆலைக்கு விற்கிறவர். ஆனாலும் அந்தப் பெயர் அவருக்கு இனித்தது. கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சகோதரிகளுக்குக் கதிரை வரவில்லை.

றம்ஸியா முன்னால் வந்து, தனக்கு எப்படிப்பட்ட கெமரா வேண்டும் என்று மெதுவாக, தெளிவாகச் சொன்னாள். முதலாளி தலையாட்டிக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு மாமாவின் பக்கம் திரும்பி, "அப்ப போடியாருக்குக் கலியாண வீட்டுக்கு ஏத்த கெமரா வேணும், அப்படித்தானே?" என்றார்.

ஸம்ஸியாவின் காது சுட்டது.

முதலாளி கண்ணாடி அலுமாரியிலிருந்து ஒரு பெரிய கறுப்புக் கெமராவை எடுத்தார். முன்னால் நீண்ட மூக்கு, பக்கத்தில் தடித்த பிடி, மேலே பளபளவென்று எழுத்துகள். பார்ப்பதற்குப் பத்திரிகைக்காரர்கள் கொண்டுதிரிவதைப் போலவே இருந்தது. யுத்தம் முடிந்து பாதை திறந்த பிறகு கொழும்பிலிருந்து வந்த புதுச் சரக்கு என்றார். முந்தியென்றால் இதைச் சோதனைச் சாவடி தாண்டிக் கொண்டுவருவதற்குள் ஆயிரம் கேள்வி கேட்பார்கள் என்றார். பதினாலு மெகாபிக்சல் என்றார். அந்தப் பதினாலை அவர் நாலுதரம் சொன்னார்.

கெமராவை அவர் மாமாவின் கையில்தான் கொடுத்தார். மாமா அதை உள்ளங்கையில் வைத்து, மேலும் கீழும் அசைத்து நிறை பார்த்தார்.

"நல்ல கனம்" என்றார்.

"ராத்தாட கையில குடுங்க. பிடிக்கப் போறது அவதானே" என்றாள் ஸம்ஸியா.

"பாரமான சாமான் புள்ள, கீழ போட்டா உடஞ்சு போயிரும்" என்றார் முதலாளி. அதையும் மாமாவைப் பார்த்தே சொன்னார்.

மூன்று வருடம் கலியாண வீடு கலியாண வீடாகக் கெமரா தூக்கிய ராத்தா கீழே போடுவாளாம். நெல் மூட்டையைத் தவிர வேறெதையும் தூக்காத மாமா போடமாட்டாராம். ஸம்ஸியா கொப்பித் தாளை விரித்தாள். முதல் கேள்வியைக் கேட்டாள். இந்தக் கெமராவின் லென்சைக் கழற்றி வேறு லென்ஸ் பூட்ட முடியுமா?

முதலாளி கெமராப் பையின் தூசியைத் தட்டினார். ஸம்ஸியா மாமாவின் சட்டைக் கையை இழுத்தாள். மாமா அதே கேள்வியைக் கேட்டார். உடனே பதில் வந்தது.

"என்னத்துக்குக் கழட்டணும் போடியார்? எல்லாம் இதுக்குள்ளேயே இரிக்கி. மத்தக் கெமராவும் இதுவும் ஒண்டுதான்."

இப்படியே நடந்தது. ஸம்ஸியா மாமாவிடம் கேட்பாள். மாமா முதலாளியிடம் கேட்பார். முதலாளி மாமாவிடம் சொல்வார். மாமா திரும்பி ஸம்ஸியாவிடம் சொல்வார். நான்கு பேரும் ஒரே மேசையைச் சுற்றித்தான் இருந்தார்கள். பார்க்கிறவர்கள் முதலாளிக்கும் ஸம்ஸியாவுக்கும் நடுவில் ஏதோ ஆறு ஓடுகிறது என்று நினைத்திருப்பார்கள்.

"ஒண்டில்ல மாமா" என்று றம்ஸியா மாமாவின் காதருகே சொன்னாள். "இது பெரிய கெமரா மாதிரிச் செஞ்ச சின்னக் கெமரா."

ஆனால் மாமா இதற்குள் மயங்கிப்போயிருந்தார். பிளாஸ்டிக் பை இலவசம், மூன்று கால் நிலை இலவசம், துடைக்கிற துணி இலவசம் என்று முதலாளி ஒவ்வொன்றாக மேசையில் வைத்துக்கொண்டிருந்தார். பதினாலு, நல்ல கனம், மூன்று இலவசம். மாமா றம்ஸியாவின் கைப்பையைப் பார்த்துத் தலையை அசைத்தார். காசை எடு என்று அர்த்தம்.

றம்ஸியாவின் கை பைக்குள் போகவில்லை. ஆனால் நாலு பேர் நடமாடும் கடையில் மாமாவுக்கு எதிராக வாய் திறக்கவும் அவளால் முடியவில்லை. கண் மட்டும் நிறைந்துவிட்டது.

அதைக் கண்டதும் ஸம்ஸியாவின் கோபம் காதைவிட்டு வாய்க்கு வந்தது. கத்துவதற்குத்தான் வாயைத் திறந்தாள். கத்தினால் மாமா அவளை வெளியே அனுப்பிவிடுவார். பிறகு ராத்தா தனியாக நிற்பாள். திறந்த வாயை மூடிக்கொண்டு மாமாவைப் பார்த்தாள். மாமாவின் சட்டைப் பையில், எப்போதும்போல, அந்தக் கூரான இரும்புக் குழாய் எட்டிப் பார்த்தது. நெல் வாங்கப் போகும்போது மாமா அதைத்தான் சாக்கில் குத்துவார். மருமக்கள் எல்லாருக்கும் அது தெரியும்.

"மாமா" என்றாள் ஸம்ஸியா, பல்லைக் கடித்துக்கொண்டு. "சவளக்கடையில நெல்லு வாங்கக்குள்ள சாக்கிட வாயத் துறந்து பாத்திட்டுக் காசு குடுப்பீங்களா?"

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கென்ன விசரா? வாயில நல்ல நெல்லக் கொட்டிவச்சிருப்பானுகள். நடுவுல குத்திப் பாத்தாத்தான் பதர் எவ்வளவு எண்டு தெரியும்."

"அப்ப இதையும் நடுவுல குத்திப் பாக்க வேணாமா?"

மாமாவின் சிரிப்பு நின்றது.

"பதினாலு மெகாபிக்சல் எண்டுறது நெல்லு எண்ணுற மாதிரி மாமா. பதரையும் சேத்து எண்ணினா எண்ணிக்கை கூடத்தான் வரும். பைய இலவசமாத் தந்தாப்போல சாக்கு நிறைஞ்சிருமா? இந்த வாசல் வெளிச்சத்தில எந்தக் கெமராவும் நல்லாத்தான் பிடிக்கும். கலியாண அறை இருட்டு. இருட்டுல பிடிச்சுப் பாக்கணும். ஓடுற, அசையுற ஆளைப் பிடிச்சுப் பாக்கணும். அதுவும் ராத்தாட கையில குடுத்துப் பாக்கணும்."

மாமா கதிரையை விட்டு எழும்பினார். இப்போது அவர் போடியாராக இல்லை. நாற்பது வருடம் சாக்குக் குத்திய வியாபாரியாக நின்றார்.

"முதலாளி, உள்ளுக்கு இருட்டான இடம் எங்க இரிக்கி?"

முதலாளி அதெல்லாம் தேவையில்லை, பழக்கமில்லாத பிள்ளை, புதுச் சாமான் என்று என்னென்னவோ சொன்னார். மாமா கெமராவை மேசையிலிருந்து எடுத்து றம்ஸியாவின் கையில் வைத்துவிட்டு, சாமான் அறையைப் பார்த்து நடந்தார்.

அந்த அறையில் ஒரு மங்கிய பல்பும் ஏகப்பட்ட அட்டைப் பெட்டிகளும் இருந்தன. ஸம்ஸியா ஒரு பெட்டியின் மேல் மணமகளைப்போல உட்கார்ந்தாள். தலையைக் குனிந்தாள். பிறகு தானே குரவை போட்டு, தானே நிமிர்ந்து பார்த்து, தானே குனிந்தாள். றம்ஸியா பொத்தானை அமத்தினாள். பதினாலு மெகாபிக்சல் யோசித்தது.

படத்தில் ஒரு முக்காட்டின் உச்சி இருந்தது. அதுவும் நீரில் கரைந்த மாதிரி.

இரண்டாம் தரமும் அப்படியே. மூன்றாம் தரம் முக்காட்டில் பாதியும் மாமாவின் தோளும் விழுந்தன. "பதர்" என்றார் மாமா.

"சின்னப்புள்ள ஒழுங்காக் குரவை போடல்ல, அதான் போடியார்" என்றார் முதலாளி.

ஸம்ஸியாவுக்கு இருந்த கோபத்தில் இரண்டு காதிலும் ரொட்டி சுடலாம்.

றம்ஸியா இப்போது மாமாவிடம் கேட்கவில்லை. முன்பக்கம் வந்து, கண்ணாடி அலுமாரியின் அடித்தட்டில் டோர்ச் பெட்டரிகளுக்குப் பின்னால் இருந்த ஒரு பெட்டியைக் காட்டி, தனக்கு அதுதான் வேண்டும் என்று முதலாளியிடமே சொன்னாள். உள்ளே வந்தபோதே அவள் அதைக் கண்டுவிட்டாள். லென்ஸ் கழற்றுகிற உண்மையான கெமரா. படிக்கத் தொடங்குகிறவர்களுக்கென்று செய்தது. பெட்டி இன்னும் பிரிக்கப்படவில்லை.

"அது போன வருசத்துச் சாமான். பத்து மெகாபிக்சல்தான்" என்றார் முதலாளி. விலையைக் கேட்டதும் மாமாவின் நெற்றி சுருங்கியது. இரண்டு கெமராவுக்கும் கிட்டத்தட்ட ஒரே விலை.

"அப்ப இவ்வளவு நேரமும் பதரையும் நெல்லையும் ஒரே விலைக்கா சொல்லிட்டிரிந்தீங்க?" என்று மாமா கேட்டார். முதலாளி பெட்டியைப் பிரிக்கத் தொடங்கினார்.

புதுக் கெமராவின் பெட்டரியில் உயிர் இல்லை. அதைச் சார்ஜில் போட்டுவிட்டு மாமா மத்தியான ளுஹர் தொழப் போனார். முக்கால் மணித்தியாலம் சகோதரிகள் இரண்டு பேரும் கடையில் காத்திருந்தார்கள். அவ்வளவு நேரமும் முதலாளி காற்றாடியோடு கதைத்தார், கணக்குப் பொறியோடு கதைத்தார், தெருவால் போன மாட்டோடுகூட ஒரு வார்த்தை கதைத்தார். அவர்களோடு கதைக்கவில்லை.

மாமா வந்ததும் மறுபடியும் சாமான் அறை. இந்தக் கெமரா மற்றதைவிடச் சின்னது. றம்ஸியாவின் விரல்கள் அதன் பிடியைச் சுற்றிச் சரியாக மடிந்தன. அவள் கண்ணை அதன் சின்ன யன்னலில் வைத்து, மேலிருந்த சக்கரம் போன்ற சில்லை இரண்டு தரம் திருப்பினாள்.

ஸம்ஸியா பெட்டியில் உட்கார்ந்து குனிந்தாள். குரவை போட வாயைத் திறந்தாள். காலையிலிருந்து கதைத்துக் கதைத்து நாக்கு வறண்டுபோயிருந்தது. காற்றுத்தான் வந்தது.

"பாத்தீங்களா" என்றார் முதலாளி.

மாமா அவரை ஒருதரம் பார்த்தார். பிறகு சாரத்தை இறுக்கிக் கட்டினார். தாடியைத் தடவினார். கண்ணை மூடினார். அந்த இருட்டறையில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில், நெல் வியாபாரி மீராமுகைதீன் குரவை போட்டார்.

அது குரவை மாதிரியும் இருந்தது, தண்ணீர் வற்றிய நீர்ப்பம்பு மாதிரியும் இருந்தது. ஸம்ஸியாவின் தலை தானாக நிமிர்ந்தது. க்ளிக் என்று ஒரு சத்தம் கேட்டது. கெமரா யோசிக்கவேயில்லை.

நான்கு பேரும் கெமராவின் பின்திரையைச் சுற்றிக் கூடினார்கள். மங்கிய வெளிச்சத்தில் ஸம்ஸியா சிரித்துக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் விரிந்து, முன்பல்லின் சின்ன இடைவெளி தெரிய, முக்காட்டின் ஓரத்து நூல்கூட எண்ணலாம்போல இருந்தது. காலையிலிருந்து அவள் சிரித்தது அந்த ஒரு நொடி மட்டும்தான். கெமரா அதைப் பிடித்துவிட்டது.

மாமா படத்தை நெடுநேரம் பார்த்தார். "அப்படியே உங்கட உம்மா, கலியாணத்தண்டைக்கு இருந்த மாதிரி" என்றார். பிறகு, இலவசப் பையும் மூன்று கால் நிலையும் வேண்டாம், அதற்குப் பதிலாக இன்னொரு பெட்டரியும் மெமரி கார்ட்டும் போடுங்கள் என்று முதலாளியிடம் சொன்னார். அது ஸம்ஸியாவின் தாளில் ஐந்தாவது கேள்வி. மாமா அதை எப்போது வாசித்தார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

றம்ஸியா தன் கைப்பையைத் திறந்து, தன் கையாலேயே காசைக் கொடுத்தாள். முதலாளி ரசீது எழுதினார். எழுதிய பிறகும் அதைக் கொடுக்காமல் பேனையை உருட்டிக்கொண்டிருந்தார்.

"போடியார்" என்றார் கடைசியில். "வாற மாசம் எங்கட மூத்தவள்ட கலியாணம். பொம்புளைப் பக்கம் படம் பிடிக்க ஒரு ஆளும் இல்ல. இந்தப் புள்ள வருவாவா எண்டு கேட்டுச் சொல்லுங்களன்."

"எனக்கென்ன தெரியும் முதலாளி, நான் நெல்லு யாவாரி" என்றார் மாமா. "கேக்க வேண்டிய ஆளு உங்களுக்கு முன்னாலதான் நிக்கிறா."

முதலாளி திரும்பினார். அன்றைக்கு முதல்தரமாக றம்ஸியாவின் முகத்தைப் பார்த்தார்.

"மகள், வருவீங்களா?"

றம்ஸியா வாயைத் திறப்பதற்குள் ஸம்ஸியா மாமாவின் சட்டைக் கையை இழுத்தாள்.

"மாமா, முதலாளிக்குச் சொல்லுங்க. ராத்தா டயறியப் பாத்திட்டுத்தான் சொல்லுவாவாம்."

மாமா முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் முதலாளியின் பக்கம் திரும்பி, அதை ஒரு சொல்லும் விடாமல் சொன்னார்.

கடையை விட்டு வெளியே வந்தபோது ஸம்ஸியாவின் காதுகள் இரண்டும் ஆறியிருந்தன. ஆனால் றம்ஸியாவிடம் டயறி என்று ஒன்று இருக்கவில்லை. அதனால் வீட்டுக்குப் போகிற வழியில் ஓட்டோவை நிறுத்தி, ஒன்று வாங்க வேண்டியதாயிற்று.